நாற்பதாவது பெயர்

கொலோனில் ஒரு கலியாண வீட்டில் உங்களில் மூன்று பேர் என்னை மறித்துக்கொண்டீர்கள். மூவரும் இங்கேயே பிறந்தவர்கள். விளையாட்டுக் கழகங்களுக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடிக்கொடுக்கும் தொழிலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். "அங்கிள், இந்த வேலையில முப்பது வருசம் இருந்தனீங்கள். ஆரை வைச்சிருக்கிறது, ஆரை விடுறது எண்டு எப்பிடி முடிவெடுத்தனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். என் வாயில் லட்டு இருந்தது. லட்டு இல்லாவிட்டாலும் பதில் சொல்லியிருக்க மாட்டேன். கேட்ட உடனே பதில் சொல்கிறவனை இந்தத் தொழிலில் நான் ஒருநாளும் நம்பியதில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். எழுதுகிறவனையும் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள். நான் நல்லவனாக வருகிற இடம் ஏதாவது தென்பட்டால் அங்கே இன்னும் கவனமாக வாசியுங்கள்.

நான் அறுபதுகளில் பொறியியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவன். பிராங்பேர்ட்டுக்கு வெளியே இருந்த ஓர் அமெரிக்கப் படைமுகாமின் விளையாட்டுப் பிரிவில் எனக்குப் பகுதிநேர வேலை கிடைத்தது. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவேன், மட்டைகளை எடுத்துக் கொடுப்பேன், சனிக்கிழமைகளில் பேஸ்பால் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதுவேன். கல்லூரியில் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதிப் பழகிய கை. விக்கெட் காப்பாளனாகவும் நின்றிருக்கிறேன். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பொடியன்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுத்தார்கள். கழகங்கள் வளர்த்துவந்த இளம் ஆட்டக்காரர்களும் சீருடை போட்டுக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தார்கள். வியட்நாமுக்கு அனுப்பவில்லையே என்ற நிம்மதியோடு சனிக்கிழமைகளில் ஆடினார்கள். இங்கே அவர்களை யார் பார்ப்பது? ஒரு கழகத்தின் மேலாளர் முகாமுக்கு வந்தபோது என் ஸ்கோர் புத்தகத்தின் ஒழுங்கைக் கண்டார். இரண்டு கிழமைக்கு ஒரு அறிக்கை எழுதி அனுப்பும்படி சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. மகன் இருக்கிறார், வழக்குப் போடக்கூடிய ஆள்.

என் முதல் அறிக்கையிலேயே மானம் போனது. ஒரு பொடியன் எந்தப் பந்தையும் வானத்துக்கே தூக்கி அடித்தான். எங்கள் கல்லூரியில் பந்தைத் தூக்கி அடித்தால் பயிற்சியாளர் மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பார். நானும் பொறுப்பாக எழுதினேன்: "ஒழுக்கமில்லாத அடி. பந்தை நிலத்தோடு அடிக்கத் தெரியவில்லை. விட்டுவிடலாம்." மேலாளரின் பதில் ஒரு வரியில் வந்தது. அந்தப் பொடியனை அப்படி அடிப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்களாம். நான் அவனைச் சந்தேகித்தேனே தவிர, என் கண்ணைச் சந்தேகிக்கவில்லை. அந்தத் தவறு சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை.

முதலில் நாற்பதின் கதையைச் சொல்லவேண்டும். ஒரு பேஸ்பால் கழகம் கீழ்மட்ட லீக்குகளில் நிறையப் பொடியன்களை வளர்க்கும். இலையுதிர் காலத்தில் நாற்பது பெயர் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுக்கவேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் அவன் உங்களுடையவன், வேறு யாரும் தொடமுடியாது. சில வருடம் ஆடியும் பட்டியலில் இடம் கிடைக்காதவனைக் குளிர்காலத்தில் மற்றக் கழகங்கள் எடுத்துக்கொள்ளலாம். முதல் முப்பத்தைந்து பெயரை என் மனைவிகூடச் சமைத்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அடிபிடி எல்லாம் கடைசி ஐந்துக்குத்தான். அந்த ஐந்துக்காகத்தான் ஒளிப்பு விளையாட்டும் நடக்கும். நல்லவனை நோயாளி என்று சொல்வார்கள், கைவலிக்காரனைச் சிங்கம் என்று சொல்வார்கள். பொடியனை மறைத்துவைத்தால் மற்றவன் கேட்கமாட்டான், பட்டியலில் ஓர் இடமும் மிச்சம். இதற்குத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் 'காப்பாற்றுதல்'. அந்தச் சொல்லைக் கேட்டதும், யாரை, யாருக்காக என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மேலாளருடைய கடிதங்கள் எல்லாம் ஒரே சுரத்தில்தான் இருக்கும். யாரையும் நம்பாதே, மற்றக் கழகங்களுக்கும் அங்கே ஆள் இருக்கும், புகழ்கிறவன் எதற்காகப் புகழ்கிறான் என்று பார், திட்டுகிறவன் எதற்காகத் திட்டுகிறான் என்று பார். இருபத்தைந்து வயதில் அப்படிக் கடிதம் வாசித்தால் மண்டைக்குள் போலீஸ் ஸ்டேஷன் ஒன்று திறந்துவிடும். கன்டீனில் எனக்கு அதிகமாகச் சீனி போட்டவளையும் நான் ஒருமாதிரிப் பார்த்தேன்.

அந்த வருடம் எங்கள் கழகத்தின் பொடியன் டேனி முகாமில் இருந்தான். இடதுகை எறிகாரன், அதாவது அடிப்பவனை நோக்கிப் பந்தை எறிகிறவன். நெடுவல், பேச்சுக் குறைவு, காது சிவந்துபோயிருக்கும். அவனுடைய பந்து மட்டையைத் தாண்டிப் பிடிப்பவனின் கையுறைக்குள் விழும்போது முகாமின் மற்ற மூலையில் நிற்கிற நாய் திரும்பிப் பார்க்கும். அவனுக்கு அது கடைசித் தவணை. கார்த்திகையில் படைச்சேவை முடிகிறது. இந்த முறை பட்டியலில் பெயர் வராவிட்டால் கழகம் தன்னைக் கழற்றிவிடும் என்று அவனுக்குத் தெரியும். "பிறகு தகப்பன்ர மர ஆலைதான்" என்றான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன். "அங்க அண்ணனுக்கு ரெண்டு விரல் இல்லை, சேர். எனக்கு எறியிறதைத் தவிர ஒண்டும் தெரியாது."

ஆவணி மாதத்தில் மைதானத்துக்கு ஒரு பச்சைத் தொப்பி வந்தது. ஐம்பது வயது ஜெர்மன்காரர், மடித்த மழைக்கோட்டோடு ஆட்டக்காரர் ஓடித்தொடும் தளங்களில் மூன்றாவதன் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பந்துக்கும் சின்னக் கொப்பியில் ஏதோ எழுதுவார். கைதட்டமாட்டார், ஐஸ்கிரீம் வாங்கமாட்டார். பேஸ்பால் ஆட்டத்துக்கு வந்து ஐஸ்கிரீம் வாங்காத மனிதரை நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

என்னோடு ஆட்டம் பார்க்க இஸ்மாயில் வருவான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், பிராங்பேர்ட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்தான். ஐஸ்கிரீமுக்காகவே வருகிறவன் என்பதால் அவனை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. "ஏங்க, அவரையே மொறைச்சுப் பாத்துட்டு இருக்கீங்க? போய் ஒரு ஹலோ சொன்னா என்ன?" என்றான்.

"ஹலோ சொன்னா நான் ஆரெண்டு அவருக்குத் தெரிஞ்சிடும்."

"நீங்க ஸ்கோர் எழுதுற குணம்னு கிரவுண்டுல எல்லாருக்கும் தெரியுமே."

ஒரு சனிக்கிழமை மழை வந்தபோது இஸ்மாயில் தன் பழைய காரில் அந்த மனிதரை ஏற்றிக்கொண்டுபோய் மைன் நதிக்கு அந்தப்பக்கம் அவருடைய வீட்டில் விட்டுவிட்டு வந்தான். "ரொம்ப டீசன்ட் ஆளுங்க. வார் டைம்ல அமெரிக்காவுல கைதியா இருந்திருக்காரு. கேம்ப்லதான் இந்த கேமைக் கத்துக்கிட்டாராம். உங்களைவிட நல்லாத் தெரியுது."

நல்ல செய்தி. எந்த மனிதனும் அதைக் கேட்டு ஆறுதல் அடைவான். நான் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பேஸ்பால் தெரிந்த ஜெர்மன்காரர், கையில் கொப்பி, டேனி எறியும் நாளில் மட்டும் வருகை. வேறு கழகத்தின் ஆள்தான், ஐயமே இல்லை என்று முடிவுகட்டினேன். நாற்பதில் டேனிக்கு இடம் தவறினால் அந்தக் கழகம் அவனைக் கொத்திக்கொண்டு போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை டேனியை உபகரண அறைக்குள் கூப்பிட்டேன். "அந்தத் தொப்பி இருக்கிற நாளில நீ மெதுவா எறி. தோள் பிழைச்ச ஆள் மாதிரி. அடிச்சாலும் பரவாயில்லை."

அவன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அடிப்பாங்கள் சேர். சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். உன்னைப் பட்டியலில போடுற வேலை என்ர. பட்டியல் வாறவரைக்கும் உன்னை ஒருத்தரும் கண்ணால காணக்கூடாது. விளங்குதோ?"

"நீங்கள் பாத்துக்கொள்ளுவியள்தானே?"

"ஓம்" என்றேன். முப்பது வருடத்தில் நான் சொன்ன 'ஓம்'களில் அதுதான் மிக இலகுவாக வாயில் வந்தது.

ஆறு சனிக்கிழமை அவன் மெதுவாக எறிந்தான். சமையல்காரச் சிப்பாய்கள்கூட அவனுடைய பந்தை வேலிக்கு மேலால் அடித்தார்கள். ஒருமுறை வாங்குகளிலிருந்து யாரோ, "பாட்டியைக் கூட்டிக்கொண்டு வா" என்று கத்தினார்கள். டேனி தொப்பியைக் கீழே இழுத்துவிட்டு அடுத்ததையும் மெதுவாகவே எறிந்தான். பச்சைத் தொப்பி எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பெரிய மூளைக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இதை மேலாளருக்கு எழுதினேனா? இல்லை. கடிதங்கள் முகாம் தபாலால் போகின்றன. தபால் பிரிவுச் சார்ஜண்ட் ஒருமுறை என் கடிதத்தைக் கையில் நிறுத்துப் பார்த்ததைக் கண்டிருந்தேன். அவர் முத்திரை போதுமா என்று பார்த்திருப்பார், பாவம். நான் இவ்வளவுதான் எழுதினேன்: "டேனி முன்பைவிட வேகம். பட்டியலில் சேருங்கள். மற்றவை நேரில்."

கார்த்திகையில், பட்டியல் கொடுப்பதற்கு முதல்நாள், மத்தியானம் தாண்டி முகாம் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. மேலாளர்.

"உன்ர அறிக்கையை எப்பிடி நம்புறது?" என்றார். வணக்கம் சுகம் ஒன்றும் இல்லை. "நாற்பதாவது இடம் ஒண்டுதான் கிடக்கு. நீ சிங்கம் எண்டு எழுதுறாய். என்ர மற்ற ஆள், கை பழுதாப்போச்சு, சமையல்காரரே அடிக்கிறாங்கள் எண்டு எழுதுறான்."

"எந்த மற்ற ஆள்?"

"உன்னைச் சரிபார்க்க ஓர் ஆள் வைக்காமல் விடுவன் எண்டு நினைச்சியோ? ஜெர்மன்காரன். போரில கைதியா இருந்தவன்."

அந்த மைதானத்தில் ஒரே ஒரு ஒற்றர்தான் இருந்தார், அவரும் எங்கள் கழகத்து ஆள். ஆறு கிழமையாக நான் டேனியை மறைத்தது அவனுடைய சொந்தக் கழகத்துக்குத்தான்.

நடந்ததைச் சொன்னேன், ஒன்றையும் விடாமல். மறுமுனையில் பென்சில் மெல்லும் சத்தம் கேட்டது. அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. "இண்டைக்குத்தான் சொல்லுறாய்" என்றார். "நேற்றுச் சொல்லியிருந்தா நம்பியிருப்பன். அந்தப் பொடியன் உனக்கு என்ன உறவு?"

"ஓர் உறவுமில்லை. அந்த மனிசனைத் திரும்பப் பாக்கச் சொல்லுங்கோ. இண்டைக்கே. டேனி எறிவான்."

"அவன் பாத்து எழுதினால் பாப்பம். இண்டைக்குள்ள தந்தி வரோணும்" என்று வைத்துவிட்டார்.

இஸ்மாயிலை ஆய்வுகூடத்திலிருந்து இழுத்தெடுத்தேன். வீடு தெரிந்தவன் அவன்தான். பின்சீற்றில் டேனி முழங்கால் இரண்டும் தாடையில் முட்ட, கையுறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். வழியில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அப்ப அங்க வேற ஆள் ஒருத்தரும் இருக்கேல்லையா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

நாலு மாடிக் கட்டடம், உள்ளே கல் பாவிய முற்றம், சுவரோரமாகக் குப்பைத் தொட்டிகள். இரண்டாம் மாடியில் அவருடைய கதவு. சங்கிலி போட்டபடியே ஒரு சாண் திறந்தார். வீட்டுக்குள் தொப்பி இல்லாமல் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் அமைதியாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அறிக்கையை மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள் என்று எனக்கு முன்பே எழுதியிருந்தார்கள்" என்றார். "நீங்கள் வந்துவிட்டீர்கள்." கதவு சாத்தப்பட்டது.

நான் இரண்டாம் முறை தட்டவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஒரே மனிதரின் கடிதங்களை வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும்.

இறங்கி முற்றத்துக்கு வந்தேன். இஸ்மாயில்தான் மேலே காட்டினான். "அவரு ஜன்னல் இந்தப் பக்கம்தாங்க இருக்கு. எறியச் சொல்லுங்க. பாக்க மாட்டேன்னா சொல்லப்போறாரு?"

மழை தூறிக்கொண்டிருந்தது. டேனி கோட்டைக் கழற்றிக் குப்பைத் தொட்டியின் மேல் போட்டான். நான் காரிலிருந்து பிடிகையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு மற்றச் சுவரோரம் குந்தினேன். கல்லூரியில் வேகப்பந்துக்கு நின்றவன்தானே என்று ஒரு துணிவு. முதல் பந்து வந்த விதத்தில் அந்தத் துணிவு போய்விட்டது. முற்றத்தின் நாலு சுவரும் அந்தச் சத்தத்தைத் திருப்பிச் சொல்லின. முதல் மாடியில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்து ஏசினாள். மூன்றாவது பந்துக்கு இரண்டாம் மாடித் திரை விலகியது. டேனி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறு கிழமை அடக்கிவைத்த எல்லாவற்றையும் எறிந்தான். பதினொரு பந்து. எட்டாவதில் என் இடதுகைச் சுட்டுவிரல் முறிந்தது, சொல்லவில்லை. சொன்னால் அவன் மெதுவாக எறிவான் என்று பயம். அந்த விரல் இன்றைக்கும் மடங்காது, கலியாண வீட்டில் பார்த்திருப்பீர்கள்.

மேலே அவர் பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றார். எதற்குத் தொப்பி என்று இன்றும் எனக்குப் புரியவில்லை, வேலைக்கான உடுப்பாக அதை நினைத்திருக்கலாம். கொப்பியில் எழுதினார். பிறகு மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, எங்களைத் தாண்டி, தபால் நிலையப் பக்கம் நடந்தார். "முடிஞ்சுதுங்க, கிடைச்சிடும்" என்று இஸ்மாயில் டேனியின் முதுகில் தட்டினான். டேனி சிரித்தான். அவன் சிரித்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

பட்டியல் வந்தது. நாற்பதாவது பெயர் வேறு யாருடையதோ.

மேலாளரின் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. அந்த மனிதர் அனுப்பிய தந்தியை அப்படியே பிரதிபண்ணியிருந்தார். நேர்மையான தந்தி: "பொடியனுக்கு வேகம் உண்டு. விரும்பினால் வேகமாக எறிகிறான், விரும்பினால் மெதுவாக எறிகிறான். யாருக்காக விரும்புகிறான் என்று எனக்குத் தெரியாது." அதற்குக் கீழே மேலாளர் தன் கையால் எழுதியிருந்தார்: "ஒருவன் சொன்னான் என்பதற்காக ஆறு ஆட்டம் தோற்கக்கூடியவனை நான் எந்த ஆட்டத்தில் நம்பி இறக்குவது?"

எத்தனை தரம் வாசித்தாலும் அந்தக் கேள்வியில் பிழை பிடிக்க முடியவில்லை. பிழை அவனிடம் இல்லை, அவ்வளவுதான். அவன் கழகத்துக்குக் கீழ்ப்படிந்தான். அவனுக்குக் கழகம் என்றால் நான்தான்.

அந்தக் குளிர்காலத்தில் வேறு கழகம் எதுவும் அவனைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அவனைப் பார்க்க யாரும் வந்திருக்கவில்லை. ஆறு கிழமையும் அவன் தன் பாட்டில் எறிந்திருந்தால் எங்கள் பட்டியலில் இருந்திருப்பான். நான்தான் கெடுத்தேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வசந்தத்தில் கழகம் அவனை விடுவித்தது. என்னை மட்டும் வைத்திருந்தார்கள், பிறகு உயர்த்தவும் செய்தார்கள். ஒரு பொடியனை அப்படி நடிக்கவைக்கத் தெரிந்தவன் பயன்படுவான் என்று மேலாளர் நினைத்தாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

நீங்கள் இப்போது வீடியோவும் கணினியும் வைத்துத்தான் பார்க்கிறீர்கள். பாருங்கள், நல்லது. சந்தேகப்படவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை, இது சந்தேகத்தில் சோறு தின்னும் தொழில். ஆனால் சந்தேகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். மேலிடத்துக்கு அதை எழுதுங்கள், பக்கத்து வாங்கில் இருக்கிற மனிதரிடம் போய்க் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கேட்டிருக்கவேண்டும்.

டேனி ஊருக்குப் போன காலையில் முகாம் வாசலுக்குப் போனேன். கடிதம் அதற்கு முதல்நாள்தான் வந்திருந்தது, இரவு முழுக்க மன்னிப்புக் கேட்கும் வசனங்களைப் பாடமாக்கியிருந்தேன். நான் தொடங்குமுன் அவன் பையைக் கீழே வைத்தான். கட்டுப்போட்ட விரலை அவன் பார்த்தான். "அண்டைக்கே முறிஞ்சதோ?" என்றான். ஓம் என்றேன். "சொல்லியிருக்கலாமே" என்றான்.

பஸ் வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஏறியவன், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் திரும்பினான்.

"சேர், இனி வேகமா எறியலாமா?"

கேலி செய்கிறான் என்று முதலில் சந்தேகப்பட்டேன். முகத்தைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது, கண் என் பதிலுக்காகக் காத்திருந்தது. கேலி இல்லை. நான் சொன்ன கட்டளையை நான்தான் திரும்ப எடுக்கவேண்டும் என்று நின்றுகொண்டிருந்தான்.

"ஓம், எறியலாம்" என்றேன்.

"நன்றி, சேர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இருந்தான்.